ஸ்வீடன் பள்ளிகள் ஏன் புத்தகத்துக்குத் திரும்பின? நம்ம வீட்டு ஒர்க்‌ஷீட்டுக்கு அதில் என்ன சேதி?

ராத்திரி ஒன்பது மணி. ஷட்டரை இறக்கப்போகும் ஜெராக்ஸ் கடையில் ஓர் அப்பா மூச்சுவாங்க நிற்கிறார். "அண்ணே, வாட்ஸ்அப்ல அனுப்பிட்டேன். ஆறு பக்கம், கலர் வேணாம்." யு.கே.ஜி. பிள்ளையின் ஒர்க்‌ஷீட். காலையில் பள்ளிக்குக் கொண்டுபோகணும். நகரங்களில் பழகிப்போன காட்சிதான். திரை வேண்டாம், காகிதம்தான் நல்லது என்று பள்ளிகளும் பெற்றோரும் சொல்லத் தொடங்கியதில் இதுவும் ஒரு பக்கம்.

இந்தப் பேச்சு சூடுபிடிக்க முக்கியக் காரணம் ஸ்வீடன். டேப்லெட்டை வகுப்பறைக்குள் வேகமாகக் கொண்டுபோன நாடு அது. 2023-ல் அப்போதைய பள்ளிகள் துறை அமைச்சர் லோட்டா எட்ஹோல்ம், முன்பள்ளிகளில் டிஜிட்டல் கருவி கட்டாயம் என்றிருந்ததைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். அச்சுப் புத்தகம் வாங்க அந்த ஆண்டுக்கு மட்டும் 68.5 கோடி குரோனர் ஒதுக்கினார்கள். நான்காம் வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்புத் திறனை அளக்கும் 'பிர்ல்ஸ்' தேர்வில் ஸ்வீடன் 2016-ல் 555 புள்ளி, 2021-ல் 544. இந்தச் சரிவுக்குத் திரை மட்டுமே காரணம்னு சொல்லிவிட முடியாது. நடுவில் கொரோனா வந்தது. வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகளும் அங்கே நிறைய.

சரி, கையால் எழுதினால் மூளைக்கு நல்லதுன்னு சுற்றும் ஆய்வு? அது நார்வேயின் ட்ரோன்ஹெய்ம் நகரில் நடந்தது, 2024 ஜனவரியில் வெளியானது. கையால் எழுதும்போது மூளைப் பகுதிகளுக்கு இடையேயான தொடர்பு, தட்டச்சு செய்வதைவிட விரிவாக இருந்ததாம். ஆனால் கவனிக்க வேண்டியது, அதில் பங்கேற்ற 36 பேரும் பல்கலைக்கழக மாணவர்கள். அவர்கள் எழுதியதும் தொடுதிரையில், டிஜிட்டல் பேனாவால்! காகிதமே இல்லை. ஆக, அந்த ஆய்வு பேசுவது கையின் அசைவைப் பற்றி.

சின்னப் பிள்ளைகளைப் பற்றி அறிய 2012-ல் வந்த அமெரிக்க ஆய்வுக்குப் போகணும். இண்டியானா பல்கலைக்கழகத்தின் கரின் ஜேம்ஸ், இன்னும் வாசிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு எழுத்துகளை மூன்று விதமாகப் பழக்கினார். சிலவற்றை விசைப்பலகையில் தட்ட வைத்தார், சிலவற்றைக் கோட்டின் மேலேயே வரைய வைத்தார், சிலவற்றைத் தாங்களாகவே எழுத வைத்தார். பிறகு ஸ்கேன் செய்தபோது, தாங்களாக எழுதிப் பழகிய எழுத்தைப் பார்த்தால்தான் வாசிப்புக்கான மூளைப் பகுதிகள் விழித்துக்கொண்டன. கோட்டின் மேல் வரைந்ததற்குக்கூட அந்தப் பலன் இல்லை. ஒவ்வொரு முறையும் பிள்ளை எழுதும் எழுத்து ஒவ்வொரு மாதிரி கோணலாக வருகிறது. அத்தனை கோணலையும் ஒரே எழுத்து என்று அடையாளம் காண்பதுதான் வாசிப்புக்கு உதவுகிறது என்பது அவரது விளக்கம்.

இப்போ அந்த ஆறு பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். மழலையர் ஒர்க்‌ஷீட்டில் பெரும்பாலும் புள்ளி புள்ளியாக 'அ', அதன் மேல் பென்சில் ஓட்டம். பக்கம் அழகாக நிறைகிறது, கையெழுத்தும் 'குட்' வாங்குகிறது. காகிதத்தில் நடப்பதாலேயே அது எழுதப் பழகுவது ஆகிவிடாது. திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதிய பிள்ளைக்குப் புள்ளி வைத்துக் கொடுத்தது யார்?

தமிழுக்கு இது கூடுதல் கவலை. ஆங்கில எழுத்தில் அடித்தாலே தமிழ்ச் சொல்லைப் போன் எடுத்துக் கொடுக்கிறது. ல, ள, ழ எது என்று விரல் முடிவெடுக்க வேண்டியதே இல்லை. அந்த முடிவு பழகும் இடம் இரட்டைக்கோடு நோட்டு மட்டும்தான்.

வேடிக்கை என்னன்னா, 2022-ல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைக்குப் பயிற்சி நூல் இலவசமாகக் கைக்கு வருகிறது. பணம் கட்டிப் படிக்கும் பிள்ளைக்குத்தான் பி.டி.எஃப். வருகிறது, பிரிண்ட் செலவு பெற்றோருக்கு. இதைப் பள்ளிகள் நிறுத்த வேண்டும். மழலையர் வகுப்புக்குத் தாளைப் பள்ளியே அச்சிட்டுத் தரட்டும். அதில் புள்ளி எழுத்து ஒரு வரி இருந்தால், கீழே நான்கு வரி வெறுமையாக இருக்கட்டும். அங்கே பிள்ளை எழுதும் கோணல் 'அ'வைச் சிவப்பு மையில் அடிக்காமல் விட ஆசிரியருக்கும், அழித்துத் திரும்ப எழுதச் சொல்லாமல் இருக்க வீட்டுக்கும் கொஞ்சம் பொறுமை வேணும்.