அடிமாட்டு விலைக்கு வந்திறங்கும் சரக்கு: டெல்லி துப்பு துலக்குவது எப்படி?

வெளிநாட்டுக் கம்பெனி தன் ஊரில் 150 ரூபாய்க்கு விற்கிற சரக்கை நமக்கு 120 ரூபாய்க்கு அனுப்புகிறது என்று வைத்துக் கொள்வோம். வாங்குகிறவருக்கு லாபம்தானே, இதில் என்ன தப்பு?

அதனால் உள்ளூர் ஆலை அடிபட்டால், அந்தச் சரக்குக்கு மத்திய சர்க்கார் தனி வரி போடலாம். "குவிப்பு தடுப்பு வரி" என்று பெயர். இதை விசாரிப்பது டெல்லியில் உள்ள வர்த்தகத் தீர்வுகள் இயக்குனரகம்.

விசாரணை நடக்கும் விதம் வருமாறு:-

துறைமுகத்தில் திடீர் சோதனை எல்லாம் கிடையாது. எல்லாம் கணக்குப் புத்தகம்தான். முதலில் உள்ளூர் உற்பத்தியாளர்கள் மனு கொடுக்க வேண்டும். நாட்டின் மொத்த உற்பத்தியில் 25 சதவீதமாவது மனுவை ஆதரிப்பவர்கள் கையில் இருக்க வேண்டும். பிறகு சரக்கை அனுப்புகிறவர், இறக்குகிறவர், வாங்கிப் பயன்படுத்துகிறவர் எல்லோருக்கும் கேள்வித்தாள் போகும். கெடு 30 நாள். பதில் வராவிட்டால் கையில் கிடைத்த விவரத்தை வைத்தே முடிவு எழுதி விடுவார்கள். சீனக் கம்பெனிகள் காட்டும் உள்ளூர் விலையை அதிகாரிகள் லேசில் ஏற்பதில்லை. தாங்களே ஒரு கணக்குப் போடுவார்கள்.

ஓராண்டில் முடிக்க வேண்டும். 6 மாதம் நீட்டிக்கலாம்.

30 ரூபாயா, 20 ரூபாயா?

மேலே சொன்ன சரக்கில் விலை வித்தியாசம் 30 ரூபாய். உள்ளூர் ஆலைக்குக் கட்டுப்படியாகும் விலை 140 என்றால், அதற்கு விழும் அடி 20 ரூபாய். இரண்டில் எது குறைவோ அதுதான் வரி. அதையும் இயக்குனரகம் சிபாரிசு மட்டுமே செய்யும். போடுவதும் விடுவதும் நிதி அமைச்சகத்தின் கையில்.

ஈரோடு பட்ட பாடு

2010-ல் சீனா, இந்தோனேசியாவில் இருந்து வந்த விஸ்கோஸ் பஞ்சுக்கு இந்த வரி விழுந்தது. 2016-ல் மறுபடியும் 5 ஆண்டு நீட்டிப்பு. பஞ்சு தயாரிக்கும் கம்பெனிக்கு நிம்மதி. ஆனால் அந்தப் பஞ்சை வாங்கி நூல் நூற்கும் கோவை, ஈரோடு மில்களுக்கும், ரேயான் துணி நெய்யும் விசைத்தறிக்காரர்களுக்கும் கை கடித்தது. வரியை எடுங்கள் என்று டெல்லிக்கு மனு மேல் மனு போனது.

வாங்குகிறவர் தரப்பையும் விசாரணையில் கேட்கத்தான் செய்கிறார்கள். ஆனால் கேள்வித்தாளை நிரப்பவே ஆடிட்டர் வேண்டும். நாலு தறி ஓட்டுகிறவர் எங்கே போவார்? அவருக்காகச் சங்கம்தான் பேச வேண்டும்.

2021 ஆகஸ்டில் வரி போனது. 2022 டிசம்பரில், இந்தோனேசியப் பஞ்சுக்கு மட்டும் திரும்பவும் போடலாம் என்று இயக்குனரகம் சிபாரிசு செய்தது. நிதி அமைச்சகம் போடவில்லை.