மஞ்சள் விளக்கின் எச்சரிக்கை

மலையகத்தில் வாகனம் செலுத்துவோர்க்கு ஏறுவது எளிது; இறங்குவதே வித்தை. நுவரெலியாவிலிருந்து இறம்பொடை, புசல்லாவை வழியாகக் கம்பளையை அடையும்போது 4,000 அடிக்கு மேல் இறங்கிவிடுகிறோம். மழையும் மூடுபனியும் பாதையிற் படிந்த சேறும் சேர்ந்துகொண்டால் சாரதியின் உயிர்த்துணை பிரேக் ஒன்றே. 2023 ஜனவரி 20ஆந் திகதி, நானுஓயா ரதல்லைக் குறுக்கு வீதியில் பஸ்ஸொன்று வானுடனும் முச்சக்கர வண்டியுடனும் மோதி 7 பேர் மாண்ட துயரத்தை நம்மவர் மறந்திலர். ஆகவே, பிரேக் சம்பந்தமான எந்த அறிகுறியையும் இங்கே அலட்சியஞ் செய்தலாகாது.

இக்காலத்துக் கார்களில் 'ஏ.பி.எஸ்.' என்னும் எழுத்துகளோடு மஞ்சள் விளக்கொன்று உண்டு. திறப்பைத் திருப்பியதும் அது எரிந்து, சில விநாடிகளில் அணைதல் வேண்டும். அணையாமல் நின்றால் பலர் கலங்குகின்றனர். சிலரோ பொருட்படுத்துவதே இல்லை. இரண்டுந் தவறு.

ஈரப் பாதையிற் பிரேக்கை அழுத்தி மிதித்தால் சில்லு சுழலாமல் இறுகி, வண்டி வழுக்கிச் செல்லும். அப்போது ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் பயனில்லை. சில்லு இறுகும் தறுவாயில் பிரேக்கை விநாடிக்குப் பலமுறை விட்டுவிட்டுப் பிடிப்பதே ஏ.பி.எஸ்.ஸின் வேலை. ஜெர்மனியின் பொஷ் நிறுவனம் ஆக்கிய இவ்வமைப்பு 1978இல் மெர்சிடிஸ் பென்ஸ் கார்களில் இடம்பெற்றது. மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தால், சாதாரண பிரேக் வேலை செய்யும். வழுக்கலைத் தடுக்கும் காவலாளிதான் உறங்குகிறான் என்பது பொருள். சிவப்புப் பிரேக் விளக்கும் கூடவே எரிந்தால் கதை வேறு. கைப்பிரேக் முழுதும் விடுபட்டதா என்று பாருங்கள்; விடுபட்டும் சிவப்பு அணையாவிடின், வண்டியை அசைக்காது மெக்கானிக்கை அழைப்பதே புத்தி.

மஞ்சள் மட்டும் எரிகையில் வீட்டில் நாம் பார்க்கத் தக்கவை சில உள.

முதலாவது, பிரேக் எண்ணெய். அதன் மட்டம் குறைந்திருந்தால் எங்கோ கசிவுண்டு, அல்லது பிரேக் பேட் தேய்ந்துள்ளது. மூடியில் 'டொட் 3' அல்லது 'டொட் 4' எனக் குறித்திருக்கும், அதையே ஊற்றுக. எஞ்சின் எண்ணெயை ஒருபோதும் ஊற்றற்க.

இரண்டாவது, பெட்டரியும் பியூஸும். நுவரெலியாவின் விடியற்குளிரில் பழைய பெட்டரி சோர்ந்துபோகும். மின்வலு குறைந்தாலும் இவ்விளக்கு எரியும்.

மூன்றாவது, டயர்கள். நான்கும் ஒரே அளவினவாய், உரிய காற்றுடன் இருக்கவேண்டும். ஒன்று வேறுபட்டால் அச்சில்லின் வேகம் மாறுபட்டுத் தோன்றி, கருவி குழம்பும்.

நான்காவது, நமது தோட்டப் பாதைகளில் அதிகம் பழுதாவது, சில்லுகளின் உட்புறத்தேயுள்ள வேக உணரிகள். விரல் நுனியளவான இவற்றிற் சேறும் பிரேக் தேய்ந்த இரும்புத் தூளும் ஒட்டிக்கொள்ளும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, மற்றச் சில்லுகளுக்குக் கல் முட்டுக்கொடுத்து, ஜாக்கினால் உயர்த்திச் சில்லைக் கழற்றி, மென்மையான தூரிகையாலும் துணியாலும் துடைக்கலாம். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியிற் புகாதீர். உணரியிலிருந்து செல்லும் வயர் அறுந்திருக்கிறதா என்றும் நோக்குக. எலிகள் அதனைக் கடித்துவிடுவதுண்டு.

துடைத்த பின், சமமான வெறும் பாதையில் மெல்லச் செலுத்திப் பாருங்கள். விளக்கு அணையாவிடின், எந்தச் சில்லில் குறை என்பதைக் கராஜிலுள்ள ஸ்கேனர் கருவி காட்டிக்கொடுக்கும். அப்பால் வீட்டு வைத்தியம் வேண்டாம். சில ஹைபிரிட் கார்களில் பிரேக் எண்ணெய் மிகுந்த அழுத்தத்தில் இருப்பதால், அதன் குழாய்களிற் கைவைப்பது ஆபத்து.

பழுது தீருமட்டும், சரிவில் தாழ்ந்த கியரில் இறங்குக. முன்வண்டிக்கு இருமடங்கு இடைவெளி விடுக. பிரேக்கை ஓயாது மிதித்துச் சூடேற்றற்க. சில்லு இறுகி வழுக்கினால் காலைச் சற்றே தளர்த்தி மீண்டும் அழுத்துக.

விளக்கைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்து ஓடுவோரும் உளர். பழைய கார் வாங்குவோர், திறப்பைத் திருப்பியதும் அவ்விளக்கு எரிகிறதா என்று முதலிற் பார்ப்பாராக. எரியவே இல்லையெனில், அது நலத்தின் அடையாளமன்று. காவலாளி உறங்குவதைச் சொல்லும் வாயையும் அடைத்துவிட்டு, மனைவி மக்களோடு கினிகத்தேனைச் சரிவில் இறங்குவது எவ்வகையிலும் சிக்கனமாகாது.