பம்பைக் கழற்றும் முன் ஒரு கேன் டீசல்

தக்காளி பறித்து, பெட்டி போட்டு, இரவு 2 மணிக்கு லோடு ஏற்றியாகிவிட்டது. 4 மணிக்கு வண்டி மார்க்கெட்டில் நிற்க வேண்டும். சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றுகிறது; இன்ஜின் பிடிக்கவில்லை. பத்து முறை அடித்ததில் பேட்டரியும் இறங்கிவிட்டது. ஆட்களை எழுப்பி, தள்ளிக் கிளப்பிப் போய்ச் சேரும்போது ஏலம் முடிந்திருக்கும். அதன் பிறகு மிச்சம் நிற்கும் வியாபாரி சொல்வதுதான் விலை.

சொந்தமாக லோடு வண்டி வைத்திருக்கும் விவசாயிகளுக்கு இது புதிதல்ல. மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் கிடைக்கும் பதிலும் புதிதல்ல: "டீசல் பிரஷர் இல்லைங்க, பம்ப் போயிடுச்சு." என் வண்டிக்கும் ஒரு முறை அப்படித்தான் சொன்னார்கள். பம்பைக் கழற்றி, சர்வீஸ் செய்து மாட்டிய பிறகும் காலையில் அதே தொல்லை. கடைசியில் பார்த்தால், டேங்கிலிருந்து வரும் ரப்பர் ஹோஸில், கிளிப்புக்கு அடியில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. ஒரு முழம் ஹோஸ் மாற்றியதும் சரியாகிவிட்டது. பம்புக்குக் கொடுத்த பணம் போனது போனதுதான்.

இதில் மெக்கானிக்கை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கோளாறு எங்கே என்று தேடுவதற்கு நாம் யாரும் கூலி கொடுப்பதில்லை. பாகத்தை மாற்றினால்தான் கொடுக்கிறோம். அரை மணி நேரம் சோதித்துப் பார்த்து, "பம்ப் நல்லா இருக்குங்க" என்று சொல்கிறவருக்கு டீக்காசு தந்து அனுப்பிவிடுகிறோம். பிறகு அவர் ஏன் சோதிக்கப் போகிறார்? சோதனைக்குக் கூலி கொடுக்கும் பழக்கம் வந்தால்தான் தேவையில்லாமல் பம்ப் கழற்றுவது குறையும். அதற்கு முன் நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதும் கொஞ்சம் உண்டு.

காற்று புகுந்தால் பிரஷர் வராது

டீசல் இன்ஜினில் தீப்பொறி பிளக் கிடையாது. காற்றை அழுத்திச் சூடாக்கி, அதில் டீசலைப் புகைபோல் தெளித்துத்தான் எரிக்கிறது. அப்படித் தெளிக்க, பழைய பம்ப் வண்டிகளில் நாசில் முனையில் சுமார் 200 பார் அழுத்தம் வேண்டும். டீசலை அழுத்தினால் அது சுருங்காது. அழுத்தம் அப்படியே நாசிலுக்குப் போகும். காற்று அப்படியல்ல, சுருங்கி விரியும். பம்புக்குள் காற்றுக் குமிழி இருந்தால் அழுத்தம் முழுவதையும் அதுவே வாங்கிக்கொள்ளும், நாசில் திறக்காது.

டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் இடையிலான குழாயில் டீசல் உறிஞ்சி இழுக்கப்படுகிறது. அங்கே சிறு ஓட்டை இருந்தால், ஓடும்போது டீசல் வெளியே கசியாது. காற்றுதான் உள்ளே போகும். அதனால் வெளியே ஈரமே தெரியாது. இரவு வண்டி நிற்கும்போது அந்த வழியே காற்று புகுந்து, குழாயில் இருக்கும் டீசல் டேங்குக்கே இறங்கிவிடும். பகலெல்லாம் நன்றாக ஓடும் வண்டி காலையில் மட்டும் அடம்பிடிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வாசலிலேயே பார்க்கலாம்

முதலில் செல்ஃப் சுற்றும் வேகம். மந்தமாகச் சுற்றினால் பேட்டரி, அதன் முனைகள், எர்த் ஒயரைப் பாருங்கள். டீசலைப் பற்றிப் பிறகு பேசலாம்.

அடுத்து சைலன்ஸர். செல்ஃப் அடிக்கும்போது வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை என்று பொருள். ஹீட்டர் பிளக், கம்ப்ரஷன், டைமிங் பக்கம் தேட வேண்டும். புகையே இல்லை என்றால் டீசல் போய்ச் சேரவில்லை.

மூன்றாவது கைப்பம்பு. மறுநாள் காலையில் சாவியைத் தொடும் முன், கைப்பம்பை இறுகும் வரை அடியுங்கள். வெகுநேரம் இறுகாமல் இருந்து, இறுகியதும் வண்டி உடனே கிளம்பினால், இரவில் டீசல் பின்வாங்குகிறது. ஹோஸ், கிளிப், காப்பர் வாஷர், ஃபில்டர் ரப்பர், ஃபீட் பம்ப் வால்வு இவைதான் சந்தேகத்துக்கு உரியவை.

நான்காவது டேங்க் மூடி. கிளம்பி ஒரு மணி நேரம் ஓடி நின்றுபோகும் வண்டியில் மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று காற்று இழுத்தால், மூடியின் மூச்சுத்துளை அடைத்திருக்கிறது. ஃபில்டர் அடியில் உள்ள வடிகால் திருகையும் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள்.

கடைசியாக, கேன் சோதனை. டேங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டு, சுத்தமான டீசல் உள்ள கேனிலிருந்து புது ஹோஸ் ஒன்றை நேராக ஃபீட் பம்புக்குக் கொடுங்கள். கேனை டேங்க் உயரத்திலேயே, சைலன்ஸர் சூட்டுக்கு எட்டாமல் கட்டுங்கள்; பக்கத்தில் பீடி, தீக்குச்சி கூடாது. மாலையில் காற்றை எடுத்துவிட்டு, கேன் காலியாகாமல் சிறிது நேரம் ஓட்டி நிறுத்துங்கள். காலையில் ஒரே அடியில் கிளம்பினால் கோளாறு டேங்கிலோ குழாயிலோதான், பம்பில் இல்லை. அப்போதும் கிளம்பாவிட்டால் ஃபீட் பம்ப், ஃபில்டர் அல்லது அதற்கு அப்பால் பார்க்க வேண்டும். கேனிலிருந்து வரும் ஹோஸ் கண்ணாடி போல் உள்ளே தெரிவதாக இருந்தால் குமிழி வருவதும் கண்ணுக்குத் தெரியும்.

பம்ப் பழுதே ஆகாது என்று நான் சொல்லவில்லை. காலையில் நன்றாகக் கிளம்பி, சூடான பிறகு கிளம்ப மறுத்தால் பம்ப் தேய்ந்திருக்க வாய்ப்பு உண்டு. சூட்டில் டீசல் இளகி, தேய்ந்த இடைவெளியில் கசிந்துவிடும். ஆயில் குச்சியில் அளவு ஏறி, டீசல் வாடை அடித்தால் வண்டியை ஓட்டவே கூடாது. டீசல் ஆயிலில் கலக்கிறது, பேரிங் போய்விடும்.

புது வண்டிக்குக் கை வைக்க வேண்டாம்

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்த பிறகு வாங்கிய டீசல் லோடு வண்டிகள் பெரும்பாலும் காமன் ரெயில் வகை. 2023 ஜனவரியில் வந்த புதிய மாசு விதிக்குப் பிறகு, 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களிலும் இந்த அமைப்பு வருகிறது. இவற்றில் அழுத்தம் 1,600 பாருக்கும் மேல் போகும். பழைய வண்டியில் செய்வதுபோல் நாசில் பைப்பைத் தளர்த்திக் காற்று எடுக்கக் கூடாது. அந்த வேகத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஊசி குத்தியது போலத்தான் தெரியும். ஆனாலும் உடனே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். வீட்டில் மருந்து போட்டுக்கொண்டு காத்திருந்தால் விரலே போகலாம்.

இந்த வண்டிகளுக்கு ஸ்கேனர் வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது ரெயில் பிரஷர் எவ்வளவு காட்டுகிறது, இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் அளவு ஒன்றுக்கொன்று சமமா என்று கேளுங்கள். ரிட்டர்னை ஆளுக்கொரு பாட்டிலில் பிடித்தால், அதிகம் நிறையும் பாட்டிலே பழுதான இன்ஜெக்டரைக் காட்டிக்கொடுக்கும். அளவைக் காட்டாமல் பம்ப் மாற்றச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

எந்த வண்டியானாலும், பெட்ரோல் நனைத்த துணியை ஏர் ஃபில்டர் வாயில் காட்டிக் கிளப்பும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஹீட்டர் உள்ள இன்ஜினில் அது வெடிக்கும். பிஸ்டனும் போகும், முகமும் கருகும்.

பருவத்துக்கு முன் ஒரு நாள்

விதைக்கும் உரத்துக்கும் பருவத்துக்கு முன்பே கூட்டம் போடுகிறோம். விளைச்சலைச் சுமக்கும் வண்டிக்கும் ஒரு நாள் ஒதுக்கலாம். வேளாண் பொறியியல் துறையும் வேளாண் அறிவியல் நிலையங்களும் அறுவடைக்கு முன் ஊருக்கு ஒரு வகுப்பு எடுக்கட்டும். படம் காட்டி விளக்கினால் போதாது. ஓர் பழைய வண்டியை நிறுத்தி, ஹோஸ் கிளிப்பைத் தளர்த்திவிட்டு, விவசாயிகளே கண்டுபிடித்துக் காற்று எடுக்கும்படி செய்ய வேண்டும். உள்ளூர் மெக்கானிக்குகளையும் கூப்பிட வேண்டும்.

மெக்கானிக் ஒருவர் அரை மணி நேரம் தேடி, வாஷர் ஒன்றை மட்டும் மாற்றித் தந்தால், அந்த அரை மணி நேரத்துக்கு முழுக் கூலி கொடுங்கள். அடுத்த முறை அவரும் பம்பில் கை வைக்கும் முன் ஹோஸைப் பார்ப்பார்.