கட்டுமரத்தைக் கரையில் மட்கவிட்டுத் தமிழைக் காப்பதெப்படி?

கட்டுமரம் என்னும் சொல்லைக் கேட்டறியாத கடலோடி இன்று உலகில் இல்லை. 1697-இல் வெளிவந்த தம் உலகச் செலவு நூலில் தாம்பியர் என்னும் ஆங்கிலக் கடலோடி சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைக் குறித்தெழுதினார். அன்று ஆங்கிலத்திற் புகுந்த அச்சொல், 'கேட்டமரான்' எனத் திரிந்து, மேலை நாட்டுச் செல்வர் விளையாட்டிற்கு ஓட்டும் ஈருடற் படகுகளுக்குப் பெயராய் நிற்கின்றது. அப்படகுகளில் கட்டும் இல்லை, மரமும் இல்லை. சொல்லைப் பிறர் எடுத்துக்கொண்டனர். சொல்லுக்குரிய பொருளை நாம் கரையில் மட்கவிட்டோம். இதனினும் பெரிய இழிவு ஓர் இனத்திற்கு வேறு யாது?

காரைக்காலைப் பாருங்கள். காவிரிப்படுகையில் அரசலாறு கடலொடு கலக்கும் ஊர் அது. அம்மையாரின் கணவன் கலமேறிக் கடல்கடந்து வணிகஞ் செய்தான் எனப் பெரியபுராணம் கூறும் ஊரும் அதுவே. 1739-இல் பிரெஞ்சுக்காரர் கைப்பட்டு, 1954 நவம்பர் முதல் நாளில்தான் அவர் ஆட்சியினின்று நீங்கிற்று. காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி, மண்டபத்தூர் முதலிய அதன் கடற்கரை ஊர்களில் இன்று வரிசையாய் நிற்பன கண்ணாடியிழைப் படகுகள். ஆற்றுமுகத் துறையில் நிற்பன விசைப்படகுகள். பாய்விரித்துச் செல்லும் கட்டுமரத்தைக் காண விரும்புவோன் பழைய ஒளிப்படத்தைத்தான் தேடவேண்டும்.

கட்டுமரம் என்றால் நான்கு கட்டைகளைக் கயிற்றால் பிணைத்த மிதவை என்றே நம் படித்த மக்களுள் பலர் கருதுகின்றனர். அன்று! எடை குறைந்த மென்மரத்தைத் தேர்ந்து, வாய்ச்சியால் செதுக்கி, நடுமரம் தாழவும் பக்கமரங்கள் உயரவும் பொருத்தி, முன்தலையைக் கூராக்கி மேல்நோக்கி நிமிர்த்தி, குறுக்குக் கட்டைகளோடு சேர்த்துக் கயிற்றால் இறுக்கிய கலம் அது. ஓர் ஆணியும் அதில் இல்லை. இயற்கைத் துறைமுகம் அரிதாய், அலை ஓயாது மோதும் இக்கரைக்கு அதனினும் ஏற்ற கலத்தை எவரும் எளிதிற் படைத்திலர். மேலேறிய நீர் மரங்களின் இடைவெளி வழியே இறங்கிவிடும். ஆகலின் அது நிறைந்து மூழ்குவதில்லை. கவிழ்ந்தால் நிமிர்த்தி மீண்டும் ஏறலாம். கரை சேர்ந்ததும் கட்டவிழ்த்து மரங்களை வெயிலில் உலர்த்துவர். ஏனெனில் நீர் ஊறிய மரம் கனத்து விரைவிழக்கும். இத்துணை நுட்பத்தையும் ஏட்டில் எழுதாமல், தந்தை கையினின்று மகன் கைக்கு மாற்றிக் காத்த கூட்டம் நம் கடற்கரைக் கூட்டம்.

2004 திசம்பர் 26-இல் ஆழிப்பேரலை எழுந்தது. காரைக்காற் கரையில் மட்டும் பல நூறு உயிர்களை வாரிச் சென்றது. கட்டுமரங்கள் சிதறின. அதன்பின் வந்த உதவிப்பணம் பெரும்பாலும் கண்ணாடியிழைப் படகாகவே வந்தது. பசித்தவன் கையிற் கொடுத்ததை அவன் வாங்கினான். அதில் அவன் குற்றம் யாதுமில்லை. பொறி பூட்டிய படகு விரைந்து செல்லும், தொலைவும் செல்லும். பிழைப்பிற்கு அதுவே ஏற்றதெனின், அதனை ஓட்ட அவனுக்கு முழுவுரிமை உண்டு. நாம் வினவுவது வேறு. அவ்வளவு பணம் கைமாறிய காலத்தில், 'இவர்தம் முன்னோர் கலத்துள் ஒன்றையேனும் முறைப்படி கட்டிக் காப்போம்' என்னும் எண்ணம் ஆண்டோர்க்கும் அறிஞர்க்கும் ஏன் எழவில்லை?

பிறர் செய்தவற்றை எண்ணிப் பாருங்கள். பிரெஞ்சுக் கடற்படையினர் பிரான்சுவா எட்மண்டு பாரி என்பார், தம் கடற்செலவுகளில் நம் கரையையும் கண்டு, நம் கட்டுமரத்தையும், கயிற்றால் பலகை தைத்த சலங்கையும் அளந்து, வரைந்து, 1840-களின் தொடக்கத்தில் பெருநூலாக வெளியிட்டார். நம் 'சலங்கு' பிரெஞ்சில் 'செலிங்கு' ஆயிற்று. பின்னாளில் அவரே பாரிசுக் கடற்படை அருங்காட்சியகத்தின் காப்பாளராகவும் அமர்ந்தார். நம் தச்சனின் கணக்கை அயலான் வரைந்து வைத்தான். அவனிடம் இருநூறாண்டு அடிமைப்பட்டுக் கிடந்த நாம், அவனிடமிருந்து மதுக்கடையைக் கற்ற அளவிற்கு இதனைக் கற்றோமா?

காரைக்காலுக்கு வடக்கே தரங்கம்பாடி. அங்கே 1620-இல் வந்திறங்கி 1845 வரை இருந்த தேனியரின் நாட்டில், உரோசுக்கில்டே என்னும் ஊர்க் கழியில் மூழ்கிக் கிடந்த பதினோராம் நூற்றாண்டுக் கப்பல்களின் சிதைவுகளை 1962-இல் அகழ்ந்தெடுத்தனர். அவற்றுள் ஒரு போர்க்கப்பலை, பழங்கருவிகளைக் கொண்டே புதிதாய்க் கட்டி 2004-இல் நீரில் இறக்கினர். 2007-இல் அதனைப் பாயும் துடுப்பும் கொண்டு அயர்லாந்தின் துபுளின் வரை செலுத்தினர். 2004! அவர் கலம் நீரில் இறங்கிய அதே ஆண்டில்தான் நம் கலங்கள் அலையிற் சிதைந்தன. அவர் சிதைந்ததை மீட்டார். நாம் சிதைந்ததை அடுப்பெரித்தோம்.

தில்லியும் வாளாவிருக்கவில்லை. ஆணியின்றிக் கயிற்றால் தைத்த பாய்க்கப்பல் ஒன்றை, அசந்தா ஓவியத்தைப் பின்பற்றி, ஒன்றியப் பண்பாட்டு அமைச்சகத்தின் பொருளுதவியில் கட்டி, 2025 மே திங்களில் கார்வாரில் கடற்படையிற் சேர்த்தனர். தைத்த கைகள் சேரநாட்டுத் தச்சர் கைகள். அவர் திறத்தை வணங்குகின்றோம். ஆனால் கப்பலுக்குச் சூட்டிய பெயர் 'கவுண்டினியா'! கடலோடிகளின் கைத்திறத்தால் பிறந்த கலத்திற்கும் வடமொழிப் பெயரே வேண்டியிருக்கின்றது. சலங்கு தைத்த சோழமண்டலக் கரையையும், கட்டுமரம் கட்டிய காரைக்காற் கரையையும் நினைப்பார் அங்கில்லை. அவர்க்கு அந்நினைவை ஊட்ட நாம் என்ன செய்தோம்?

தமிழரால் இயலாதென்பார்க்கு ஈழத்து வல்வெட்டித்துறை விடை சொல்லும். அவ்வூரில் கட்டிய 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பலை இராபின்சன் என்னும் அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். அதனை 1938-இல் அமெரிக்காவின் குளோசெசுட்டர் துறைவரை செலுத்திச் சென்றவர் அவ்வூர்த் தமிழ்க் கடலோடிகளே. கட்டவும் கையுண்டு, ஓட்டவும் நெஞ்சுண்டு. இல்லாதது மதிப்பு ஒன்றே.

இனி நம்மையே நாம் கேட்டுக்கொள்வோம். தூயதமிழ் அன்பர்களே! அயற்சொல்லை நீக்குகின்றோம், ஏடுகளில் புதுச்சொல் ஆக்குகின்றோம், அது வேண்டுவதே. ஆனால் எவரும் ஆக்காமல் தாமே வாழும் தனித்தமிழ்ச் சொற்களைத் தேடி எத்தனை பேர் கடற்கரைக்குச் சென்றோம்? கலத்தின் முற்பகுதி அணியம்; பாய் தாங்கும் குறுக்குமரம் பருமல்; கடலின் ஓட்டம் நீவாடு; நீருள் மறைந்த பாறை பார். கீழ்க்காற்றுக் கொண்டல், வடகாற்று வாடை, தென்காற்றுச் சோழகம். சொல்லாக்கக் குழு கூடாமலே இச்சொற்கள் பிறந்தன. இவற்றை நாவில் வைத்திருக்கும் முதியவரை, 'படியாதவர்' என்றும் 'குப்பத்தார்' என்றும் விலக்கிவிட்டு, அவர் சொல்லை மட்டும் அகரமுதலியில் அடைத்துவைப்பது தமிழ்த்தொண்டாகாது. கழகப் பாட்டின் திமிலையும் அம்பியையும் நாவாயையும் மேடையில் முழங்குகின்றோம். திமிலோட்டிய குடியின் வழித்தோன்றல் தெருவில் வந்தால் ஒதுங்கிச் செல்கின்றோம். இவ்விரட்டை நெஞ்சம் இருக்குமளவும் நம் தூய்மை நாத்தூய்மையே என்க.

பொருள் அழிந்தால் சொல் நெடுநாள் நில்லாது. பாயின்றிப் பருமல் ஏது? துடுப்பையும் பாயையும் நம்பி நீர்மேல் நிற்பவன் இல்லாதவிடத்து, நீவாட்டின் நூறு நுணுக்கங்களை யார் நினைவிற் கொள்வார்? கலத்தைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்தாலும் போதாது. அதனைக் கட்டவேண்டும், கட்டியதை ஓட்டவேண்டும், ஓட்டுபவன் வாயில் அச்சொற்கள் ஒலிக்கவேண்டும். அப்பொழுதே அது மீட்பு, மற்றதெல்லாம் நடுகல்.

'வறுமையின் சின்னத்தை மீண்டும் ஏற்றுவதா?' எனச் சிலர் கேட்பர். மீனவனைக் கட்டுமரத்திற்குத் திரும்பிச் செல்லென்று எவரும் சொல்லவில்லை. ஏர் உழுதவன் பிள்ளை உழுபொறி ஓட்டுவது போல் அவனும் பொறிப்படகு ஓட்டட்டும். அவன் முன்னோர் அறிவுக்கு உரிய விலையையும் இடத்தையும் கொடுங்கள் என்பதே நம் கேள்வி.

செய்யவேண்டுவன பெரியன அல்ல. கட்டுமரம் கட்டியறிந்த முதியவர் எஞ்சியிருக்கும்போதே, தக்க கூலி தந்து, அரசலாற்றங்கரையில் ஒரு கட்டுமரமும் ஒரு சலங்கும் கட்டுவிக்க வேண்டும். மரத்தேர்வு முதல் இறுதி முடிச்சு வரை ஒவ்வோர் உறுப்பின் பெயரையும் செயலையும் அவர் வாய்ச்சொல்லாகவே எழுதி வரைந்து வைக்கவேண்டும். கடற்கரை ஊர் இளைஞரே அவற்றைப் பாய்விரித்து ஓட்டப் பழகவேண்டும். மாங்கனி விழாவிற்குக் கூடும் மக்கள், அம்மையாரின் கணவன் ஏறிய கடலில் ஆண்டுதோறும் தமிழ்ப்பாய் விரிவதைக் காணவேண்டும். புதுவை அரசு இதனைச் செய்யட்டும். செய்யும்வரை நாம் காத்திருக்க வேண்டுவதில்லை. ஒரு சுவடியும் எழுதுகோலும் எடுத்துக்கொண்டு கரைக்குச் செல்ல அரசாணை எதற்கு?

முதியவர் ஒருவர் மறையுந்தோறும் ஓர் அகரமுதலி எரிகின்றது. எழுமின்! நூலகத்தில் தமிழைத் தேடியது போதும். கரைக்குச் செல்லுங்கள், மணலில் அமருங்கள், கேளுங்கள், கற்றுக்கொள்ளுங்கள்.

சொல்லையும் கலத்தையும் ஒருங்கே மீட்போம்!