போவதற்கு ஓர் இடம்

புரட்டாசி பிறந்துவிட்டது. நண்பகல் வெயில் இன்னும் சுடுகிறது. ஆயினும் காலையிலும் மாலையிலும் அதன் கடுமை குறைந்திருப்பதை உடல் உணர்கிறது. சில இரவுகளில் இடியுடன் ஒரு மழை பெய்கிறது. விடியும்போது மண் ஈரமாக இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தை ஒட்டியே தொடங்கும். அதற்கு முந்தைய இந்தச் சில வாரங்கள், நோயிலிருந்து மீண்டுவரும் ஒருவரை அறைக்கு வெளியே அழைத்துவர மிகவும் ஏற்றவை என்பது என் கருத்து. நம் வீடுகளில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகவே நடக்கிறது.

மருத்துவமனையிலிருந்து ஒருவரை வீட்டுக்கு அனுப்பும்போது, “ஓய்வு தேவை” என்று மருத்துவர்களாகிய நாங்கள் சொல்கிறோம். வீட்டை அடைந்ததும் அந்தச் சொல்லின் பொருள் மாறிவிடுகிறது. சன்னல்கள் மூடப்படுகின்றன, தொலைக்காட்சி ஓயாமல் ஓடுகிறது, கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்ற கட்டளை பிறக்கிறது. யாவும் அன்பினால் செய்யப்படுபவைதாம். அதே தவற்றை நானும் செய்திருக்கிறேன் என்பதால், எவரையும் குறைகூறும் தகுதி எனக்கு இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் என் தாயார் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அறுவைச் சிகிச்சை நன்கு முடிந்தது. மறுநாளே இயன்முறை மருத்துவர் அவரை எழுப்பி நிற்கவைத்தார். வீடு திரும்பும்போது நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு இருபது அடி நடந்தார். திருச்சியில் எங்கள் வீட்டின் பின்புறம் அவர் வளர்த்த சிறு தோட்டம் உண்டு. ஆடியில் விதைத்த புடலையும் பாகலும் அப்போது பந்தலேறிக் காய்த்திருந்தன. வந்த அன்றே, “பந்தலுக்கு யாரப்பா தண்ணீர் ஊற்றுகிறார்கள்?” என்று கேட்டார். “அதையெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் அத்தை, நீங்கள் படுத்திருங்கள்” என்றாள் என் மனைவி. நானும் அதையே சொன்னேன். மீண்டும் விழுந்துவிடுவாரோ என்ற அச்சம் எங்களுக்கு. சில நாள்களில் அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். நன்றாக ஓய்வெடுக்கிறார் என்று நாங்கள் மகிழ்ந்தோம்.

மூன்று வாரம் கழித்து மறுபரிசோதனைக்கு அழைத்துச் சென்றபோது, அவரால் பத்தடிகூட நடக்க இயலவில்லை. தொடை மெலிந்திருந்தது. கட்டிலைச் சுற்றி நடக்குமாறு நாள்தோறும் வற்புறுத்தியதாகச் சொன்னேன். இயன்முறை மருத்துவர் என்னைப் பார்த்து, “டாக்டர், கட்டிலைச் சுற்றி ஒருவர் எத்தனை நாள் நடப்பார்? போவதற்கு ஓர் இடம் வேண்டாமா?” என்று கேட்டார். நான் படித்திருந்தும் மறந்துபோன செய்தி அது.

படுக்கை முதியோரின் உடலிலிருந்து எடுத்துக்கொள்வது சிறிதன்று. 2007ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், உடல்நலமுள்ள முதியோர் சிலரைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்தனர். அந்தப் பத்து நாளில் அவர்களுடைய கால்களிலிருந்து சராசரியாக ஏறக்குறைய ஒரு கிலோ தசை குறைந்துபோயிற்று. நோயில்லாதவர்க்கே இந்நிலை என்றால், அறுவைச் சிகிச்சை முடிந்தவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

கண்ணுக்கு எட்டும் காட்சிக்கும் பங்கு உண்டு. 1984இல் ராஜர் உல்ரிக் என்ற அறிஞர், பென்சில்வேனியாவின் மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களின் பழைய பதிவேடுகளை ஒப்பிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். சன்னல் வழியே மரங்களைக் கண்டவர்கள் 23 பேர்; செங்கல் சுவரைக் கண்டவர்கள் 23 பேர். மரங்களைக் கண்டவர்கள் சற்று முன்னதாகவே வீடு திரும்பினர். கடுமையான வலிநீக்கி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. சிறிய ஆய்வுதான். ஆயினும், வீட்டில் கட்டிலை எந்தப் பக்கம் பார்த்துப் போடுவது என்று முடிவுசெய்ய அது போதும்.

மறுநாள் காலை, பந்தலின் அடியில் உயரமான நாற்காலி ஒன்றைப் போட்டோம். பின்வாசலிலிருந்து பன்னிரண்டு அடி. இருமுறை நின்று இளைப்பாறி, அம்மா அங்கே போய் உட்கார்ந்தார். நிமிர்ந்து பார்த்தவர், “புடலங்காய் இப்படிச் சுருண்டு கிடக்கிறதே, நுனியில் கல் கட்டவில்லையா?” என்று கடிந்துகொண்டார். பல நாள்களுக்குப் பிறகு அவர் எங்களைக் கடிந்தது அப்போதுதான். அன்றுமுதல் ஒவ்வொரு காலையும் அங்கே போவதற்காகவே எழுந்தார். வைகறையில் உதிர்ந்த பவழமல்லிப் பூக்களை என் மகள் பொறுக்கி வந்து அவர் மடியில் கொட்டுவாள், அவர் கோத்துக்கொண்டிருப்பார். எலும்பைச் சேர்த்தது அறுவைச் சிகிச்சை. தசையை மீட்டது பயிற்சி. அந்தப் பயிற்சியைச் செய்ய ஒரு காரணத்தைக் கொடுத்தது தோட்டம்.

தோட்டமில்லாத வீட்டில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். மாடிக் குடியிருப்பின் பால்கனியில் ஓர் அகன்ற தொட்டி போதும். வெந்தயத்தை விதைத்தால் சில நாள்களில் முளைவிடும். மூன்று நான்கு வாரத்தில் கீரையாக அறுக்கலாம். முளைத்ததா என்று பார்க்க ஒருவர் எழுந்து போவார் அல்லவா? ஒன்றை மட்டும் வேண்டிக்கொள்கிறேன்: அவரை வெறும் பார்வையாளராக உட்கார வைக்காதீர்கள். சிறு செம்பில் நீர் ஊற்றுவது, முற்றிய காயிலிருந்து விதை எடுப்பது, கீரை ஆய்வது என அவரால் இயன்ற ஒரு வேலையைக் கையில் கொடுங்கள்.

தோட்டம் வரை வந்தவரை அடுத்து ஊருக்கு வெளியே சிறிது தொலைவு அழைத்துச் செல்லலாம். வெளியூர்ப் பயணம் என்றாலே கூட்டத்தில் நிற்பது என்று ஆகிவிட்டது. அறுவைச் சிகிச்சைக்குப் பின் முதல் பயணமாகவே, புரட்டாசிச் சனிக்கிழமையன்று மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும் பயணத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு. நேர்த்திக்கடன் இன்னும் சில மாதம் காத்திருக்கும். நாங்கள் அம்மாவை முக்கொம்பு செல்லும் சாலையில் அழைத்துச் சென்றோம். வழியெல்லாம் வாழைத் தோட்டங்கள். வயல்களில் சம்பா நடவு. வண்டியை நிழலில் நிறுத்தி, கதவைத் திறந்துவைத்தோம். அவர் இறங்கவே இல்லை. நடவு நடும் பெண்களைப் பார்த்தபடி, தம் சிறுவயதில் நாற்றுக்கட்டு சுமந்த கதையை அரைமணி நேரம் சொன்னார். ஒன்பது மணிக்குள் வீடு திரும்பிவிட்டோம்.

“பருவம் மாறும்போது வெளியே போனால் காய்ச்சல் வராதா?” என்ற அச்சம் பொருளற்றதன்று. ஆனால், டெங்குவைப் பரப்பும் கொசு வயல்வெளியில் பிறப்பதைவிட, நம் வீட்டுப் பூந்தொட்டியின் அடித்தட்டிலும், குளிர்பதனப் பெட்டியின் பின்புறத் தட்டிலும், மூடாத குடத்திலும் பிறப்பதே மிகுதி. வாரம் ஒருமுறை அவற்றைக் கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள். அக்கொசு பகலில் கடிப்பது. கைகால்களை மூடும் உடை அணிவியுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் தோட்டத்திலும் வெறுங்காலுடன் நடக்கக் கூடாது. திரும்பியதும் பாதங்களைப் பார்க்க வேண்டும். காலில் புண் உள்ளவர்கள் சேற்று வயலில் இறங்கலாகாது. புற்றுநோய் மருந்து பெறுபவர்களும் உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர்களும் மண்ணையும் எருவையும் கிளறாமல் இருப்பது நல்லது. எப்போது, எவ்வளவு தொலைவு செல்லலாம் என்பதை உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மருந்து, குடிநீர், வழியில் கழிப்பறை ஆகிய மூன்றையும் முன்கூட்டியே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது இனி நாங்களும் “ஓய்வு தேவை” என்பதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. “உங்கள் வீட்டில் காலையில் இவர் எங்கே போய் உட்காருவார்?” என்று கேட்க வேண்டும். நாங்கள் கேட்க மறந்தால், நீங்களே எங்களிடம் சொல்லுங்கள். பருவமழை தொடங்க இன்னும் சில வாரங்களே உள்ளன. நாளைக் காலை ஒரு நாற்காலியை வெளியே எடுத்துப் போடுங்கள்.