ஜெபமும் கோதுமை மாவும்

2020 ஏப்ரல், கொரோனா ஊரடங்கு. கராச்சியில் ரேஷன் கொடுத்த ஒரு தொண்டு நிறுவனம், முஸ்லிம்களுக்கு மட்டும்தான்னு சொல்லி இந்துக்களையும் கிறிஸ்தவர்களையும் திருப்பி அனுப்பிச்சதா செய்தி வந்தது. அமெரிக்காவின் சர்வதேச மதச் சுதந்திர ஆணையமே கண்டித்தது. பாகிஸ்தானில் தெருக் கூட்டுறது, சாக்கடையில இறங்குறது எல்லாம் பெரும்பாலும் கிறிஸ்தவங்கதான். அவங்களுக்குத்தான் மாவு இல்லையாம்!

அப்போ நான் போய்க்கிட்டிருந்த அமெரிக்கத் தமிழ்ச் சபையில் (ஜூம்லதான்) அவங்களுக்காக ஜெபிச்சோம். நானும்தான். பணம் அனுப்பலாம்னு பேச்சு வந்தப்ப ஒரு அண்ணன் கேட்டார், "நம்ம ஜனங்களுக்கு மட்டும்தானே போகும்?"

சுருக்குன்னுச்சு. அதே வரிசையில நின்ன இந்துவும் வெறும் பையோடதானே திரும்பினார்? அவரைக் கழிச்சுட்டுக் கொடுத்தா, நாம செய்யறதும் அதேதான். நான் வாயைத் திறக்கலை, அது என் தப்பு. ஜெபத்துக்கு ஆமென் சொல்லிட்டு, மதம் கேட்காம கொடுக்கிற ஒரு இடத்துக்குத் தனியா அனுப்பினேன்.