குழாயில் இறங்கும் பொதிகை

திருவனந்தபுரம் கிள்ளிப்பாலத்தைத் தாண்டினால் வலியசாலை. காந்தளூர் மகாதேவர் கோயிலை ஒட்டி அக்ரஹாரத் தெருக்கள். வாசலில் கோலம், பேச்சில் பாதி மலையாளம். ராஜராஜ சோழனின் மெய்க்கீர்த்தியில் வரும் காந்தளூர்ச் சாலை இதுதானா என்று சரித்திர ஆசிரியர்கள் இன்னும் வாதாடிக் கொண்டிருக்கிறார்கள். வலியசாலைக்காரர்களுக்கு அதில் சந்தேகமே கிடையாது.

இங்குள்ள பல குடும்பங்களுக்குப் பூர்வீகம் திருநெல்வேலிச் சீமை. தாத்தாவுக்குத் தாத்தா தாமிரபரணியில் குளித்தவர். பேரன் குழாயில் பிடிப்பது கரமனை ஆற்றுத் தண்ணீர். இரண்டுக்கும் தாய் ஒரே மலைத்தொடர்தான்: பொதிகை என்கிற அகத்தியமலை. கிழக்கே இறங்கினால் பாபநாசம். மேற்கே இறங்கினால் பேப்பாறை அணை, பிறகு அருவிக்கரை, பிறகு வலியசாலையின் சமையலறை.

அந்த மேற்குச் சரிவை யார் காப்பது, எப்படிக் காப்பது என்பதுதான் கேள்வி. கேரளத்தில் தேசியப் பூங்காக்கள் ஆறு. வரையாடுகளின் இரவிகுளம் 1978இல் வந்தது. பெரியாறு, அமைதிப் பள்ளத்தாக்கு அடுத்து. 2003இல் ஆனமுடி சோலை, பாம்பாடும் சோலை, மதிகெட்டான் சோலை. (கடைசி மூன்றின் பெயரிலும் தமிழ் மணக்கிறது. பாம்பாடும் சோலை வெறும் 1.3 சதுர கி.மீ.) தலைநகரம் இருக்கும் மாவட்டத்தில் மட்டும் ஒன்றுகூட இல்லை. நெய்யாறும் பேப்பாறையும் வெறும் சரணாலயங்கள்.

வேடிக்கை என்னவென்றால், நாட்டின் மிகப் பிரபலமான தேசியப் பூங்காப் போராட்டம் ஒன்றில் முன்னால் நின்ற பலர் இந்த நகரத்துக்காரர்கள். பாலக்காடு மாவட்டத்தில் குந்திப்புழையின் குறுக்கே அணை கட்டி மின்சாரம் எடுக்க 1970களில் மாநில மின்வாரியம் முனைந்தது. மூழ்கப் போவது 8.3 சதுர கி.மீ. காடுதானே என்றார்கள். காட்டின் நடுப்பகுதி போனால் மிச்சக் காடும் தங்காது என்றார்கள் எதிர்த்தவர்கள். சோலைமந்தி என்ற சிங்கவால் குரங்குக்கு அதுதான் வீடு. வெடிபலா மரத்தை நம்பிப் பிழைக்கும் ஜீவன், மரம் இல்லாத வெட்டவெளியைத் தாண்டிப் போகத் தயங்கும். குரங்குக்காக மனிதனுக்கு மின்சாரம் வேண்டாமா என்ற கேலி வராமல் இல்லை. சாஸ்திர சாகித்ய பரிஷத்தின் எம்.கே. பிரசாத் கணக்குகளோடு வந்தார். சுகதகுமாரி, ஓ.என்.வி. குறுப்பு போன்ற கவிஞர்கள் கவிதையோடு வந்தார்கள். 1983இல் திட்டம் கைவிடப்பட்டது. மறு ஆண்டு நவம்பரில் தேசியப் பூங்கா அறிவிப்பு. 2020 டிசம்பரில் கொரோனாவால் சுகதகுமாரி இறந்தபோது, இரங்கல் குறிப்புகளில் கவிதைக்கு நிகராக அந்தப் பள்ளத்தாக்கும் பேசப்பட்டது.

அதே வெற்றியை அகத்தியமலையிலும் நடத்தினால் என்ன? அவ்வளவு சுலபம் இல்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்தில் சில உரிமைகளை விட்டு வைக்கலாம். தேசியப் பூங்கா என்றால் தனி உரிமைகள் எல்லாம் தீர்க்கப்பட வேண்டும், மாடு மேயக்கூடாது. இங்கோ காட்டுக்குள் காணிக்காரர்களின் குடியிருப்புகள் இருக்கின்றன. 1987இல் விஞ்ஞானிகள் மலையேறிக் களைத்தபோது, கூட வந்த காணிகள் களைக்காமல் ஏதோ ஒரு காயை மென்றுகொண்டே நடந்தார்கள். அதுதான் ஆரோக்கியப் பச்சை. பாலோடு தாவரவியல் ஆய்வகம் அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தைத் தயாரித்தது. உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதி காணிகளுக்கு என்று ஒப்பந்தமாயிற்று. மூலிகை தெரிந்தவனுக்கும் பங்கு கொடுத்த முன்மாதிரி என்று உலகம் முழுக்கப் பேசப்பட்டது. இவர்களை வெளியேற்றிவிட்டு எந்தக் காட்டைக் காப்பது?

எல்லைக்கு வெளியிலும் அமைதி இல்லை. பாதுகாக்கப்பட்ட காடுகளைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குச் சூழல் உணர்வு மண்டலம் வேண்டும் என்று 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் கேரள மலையோரக் கிராமங்கள் கொதித்தன. வீடு கட்ட முடியுமா, ரப்பர் மரம் வெட்ட முடியுமா என்று ஆயிரம் பயம். 2023 ஏப்ரலில் நீதிமன்றமே அந்த உத்தரவைத் தளர்த்தியது. மலைக்கு அந்தப் பக்கம், களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தில், வேறு விதமான வேதனை. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தின் 99 வருடக் குத்தகை 2028இல் முடிகிறது. தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழ்ந்த தொழிலாளர்களை விருப்ப ஓய்வு பெற்றுக்கொண்டு இறங்கச் சொல்லி 2024லேயே கடிதம் வந்துவிட்டது. காடு மீள்வது நல்லதுதான். அதற்கான விலையைத் தேயிலை பறித்தவர்கள் மட்டும் கொடுப்பது நியாயமா என்பது வேறு விஷயம்.

2016இல் யுனெஸ்கோ தன் உயிர்க்கோளப் பட்டியலில் அகத்தியமலையைச் சேர்த்தது. இரு மாநிலத்திலுமாக சுமார் 3,500 சதுர கி.மீ. கௌரவம்தான். ஆனால் பட்டியல் மழையைக் கொண்டுவராது. மறு ஆண்டு கோடையில் பேப்பாறை அணை வற்றத் தொடங்கியது. 53 சதுர கி.மீ. பேப்பாறைச் சரணாலயம் அந்த அணையின் நீர்ப்பிடிப்புக்காகவே 1983இல் அறிவிக்கப்பட்டது என்பது தலைநகரில் பலருக்கு அப்போதுதான் தெரிய வந்தது. அதிகாரிகள் அடுத்த சரணாலயத்தின் வாசலில் போய் நின்றார்கள். நெய்யாறு அணை நீரை மோட்டார் வைத்து இறைத்து, ஓடையில் விட்டு, அருவிக்கரைக்குக் கொண்டுவந்து நகரத்தின் தாகத்தைத் தணித்தார்கள். மோட்டார் வைத்த ஊரின் பெயர் காப்புக்காடு.

அதற்கடுத்த ஆண்டு, 2018 ஆகஸ்டில், கேரளம் முழுக்க வெள்ளம். வலியசாலையிலும் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிட்டது.